லண்டன்ல ஃபுட்பால் மேட்ச் பார்க்கணுமா? டிக்கெட்டுக்கு அட்வான்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



ஜூலை மாசம் வந்தா எங்க ஆபீஸ்ல நிக்க இடம் இருக்காது. ரிட்டர்ன் ஃபைல் பண்ற சீசன். அந்தக் கூட்டத்துக்கு நடுவுல திண்டிவனம் பக்கத்துல பிரம்மதேசத்துலேர்ந்து ஒரு தம்பி வந்தான். சென்னையில வேலை, கைக்கு வர்ற சம்பளம் மாசம் 42,000 ரூபாய். ஃபார்ம் 16-ஐ மேசையில வெச்சுட்டு, "அண்ணா, இங்கிலாந்துல மேட்ச் டிக்கெட் வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்களா?"ன்னு கேட்டான்.

என்ன டிக்கெட்னு விசாரிச்சேன். தம்பி ஆர்சனல் ரசிகன். பள்ளிக்கூட நாள்லேர்ந்து சனிக்கிழமை ராத்திரி 8:30 மணி ஆட்டம்னா வீட்ல டிவியை யாருக்கும் தர மாட்டானாம். டெலிகிராம்ல ஒருத்தர் ஆர்சனல்–டாட்டன்ஹாம் டெர்பிக்கு டிக்கெட் இருக்குன்னு சொல்லியிருக்கார். விலை 480 பவுண்டு. பாதியை அன்னைக்கு ராத்திரிக்குள்ள யூபிஐ-ல அனுப்பணும். நம்ம கணக்குல 28,800 ரூபாய்.

"டிசிஎஸ் கிடக்கட்டும் தம்பி. அந்த மேட்சுக்கு கிளப் டிக்கெட் விற்க ஆரம்பிச்சாச்சா, பாரு"ன்னேன். போன்ல கிளப் வெப்சைட்டைத் திறந்து பார்த்தான். விற்பனையே தொடங்கலை. கிளப்பே இன்னும் விற்காத டிக்கெட் டெலிகிராம்காரர் கையில எப்படி வந்தது? தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இங்கிலீஷ் ஃபுட்பால் பார்க்கப் போகணும்னு ஆசைப்படுற பல பேர் இதே இடத்துல மாட்டுறாங்க. மொத்தப் பயணச் செலவுல டிக்கெட் விலை ரொம்பச் சின்னப் பகுதி. ஆனா பணம் பறிபோற ஆபத்து அதிகம் இருக்கிறதும் அங்கதான். அதனால டிக்கெட் எப்படிக் கிடைக்கும், எதை எப்போ பண்ணணும், எவ்வளவு ஆகும்னு வரிசையா பார்த்துடலாம்.

கவுன்ட்டர்ல போய் ஏன் வாங்க முடியாது?

பிரீமியர் லீக்ல 20 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் ஒரு சீசன்ல சொந்த மைதானத்துல 19 லீக் ஆட்டங்கள் மட்டும்தான். ஆர்சனலோட எமிரேட்ஸ் மைதானத்துல 60,000-க்கு மேல இருக்கைகள் இருக்கு. ஆனா அதுல பெரும்பகுதியை சீசன் டிக்கெட் வெச்சிருக்கிற உள்ளூர் ரசிகர்கள் வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கிறாங்க. அதுபோக எதிரணி ரசிகர்களுக்கு ஒரு பங்கு, கார்ப்பரேட் விருந்தினர்களுக்கு ஒரு பங்கு. மிச்சம் இருக்கிறதுதான் மெம்பர்களுக்கு வருது.

ஆர்சனல், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட் மாதிரி பெரிய கிளப்கள்ல இந்த மிச்சத்தையும் குலுக்கல் முறையில தர்றாங்க. அதுக்குப் பேரு பேலட். ஏலச்சீட்டுல குலுக்கிப் போட்டு எடுக்கிற மாதிரிதான். பேர் வந்தா டிக்கெட், வரலைன்னா அடுத்த மேட்ச். மெம்பர்ஷிப் வாங்கிட்டதால டிக்கெட் உறுதின்னு நினைச்சுடாதீங்க. குலுக்கல்ல கலந்துக்கிற உரிமைக்குத்தான் அந்தக் காசு.

சேப்பாக்கம் பிளாக் டிக்கெட் மாதிரி இல்லை

நம்ம ஊர்ல பிளாக் டிக்கெட்னா விலை கூட, அவ்வளவுதான், எப்படியோ உள்ள போயிடலாம்னு ஒரு நினைப்பு இருக்கு. இங்கிலாந்து ஃபுட்பால்ல அது செல்லாது. கிளப்போட அனுமதி இல்லாம ஃபுட்பால் டிக்கெட்டை விற்கிறது அங்க கிரிமினல் குற்றம். 1994-ல வந்த குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டத்தோட 166-வது பிரிவு அதைச் சொல்லுது. விற்கிறேன்னு விளம்பரம் பண்றதும் குற்றம்தான்.

ஃபுட்பாலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி? 1989 ஏப்ரல் 15 அன்னைக்கு ஷெஃபீல்டு நகர ஹில்ஸ்பரோ மைதானத்துல நடந்த நெரிசல்ல 97 லிவர்பூல் ரசிகர்கள் இறந்தாங்க. அதை விசாரிச்ச நீதிபதி டெய்லரோட அறிக்கை மைதானப் பாதுகாப்புக்குப் பல பரிந்துரைகளைச் சொல்லுச்சு. அனுமதியில்லாத டிக்கெட் விற்பனையைக் குற்றமாக்கணும்ங்கிறதும் அதுல உண்டு. இரண்டு அணி ரசிகர்களையும் தனித்தனியா உட்கார வைக்கிற ஊர் அது. யார் எந்தப் பக்கம் உட்காரப்போறாங்கன்னு கிளப்புக்குத் தெரிஞ்சாகணும்.

சட்டம் பிடிக்கிறது விற்கிறவரைத்தான். ஆனா பணம் போறது வாங்குற நமக்கு. இப்போ பெரும்பாலான கிளப்கள்ல டிக்கெட் போன்லதான் வருது, ஒருத்தர் பேர்ல இருக்கிற அக்கவுன்ட்டோட இணைஞ்சிருக்கும். பிளாக்ல விற்கிறவர் வேற யாரோட அக்கவுன்ட்டையோதான் உங்களுக்குத் தர்றார். கிளப் கண்டுபிடிச்சா அந்த டிக்கெட்டை ரத்து பண்ணிடும். எட்டாயிரம் சொச்சம் கிலோமீட்டர் பறந்து போய் கேட்டுக்கு வெளிய நிக்கணும். பணத்தைத் திருப்பிக் கேட்கவும் ஆள் இருக்க மாட்டார்.

யாராவது டிக்கெட் தர்றேன்னு சொன்னா மூணே விஷயம் பாருங்க. கிளப் அந்த மேட்சுக்கு விற்பனையை ஆரம்பிச்சிருக்கா? இந்த ஏஜென்ட் பேர் கிளப்போட சொந்த வெப்சைட்ல அங்கீகரிக்கப்பட்டவர் பட்டியல்ல இருக்கா? பணம் ஒரு நிறுவனத்துக்குப் போகுதா, தனிநபரோட யூபிஐ-க்குப் போகுதா? இதுல ஒண்ணு இடிச்சாலும் விட்டுடுங்க. ஏற்கெனவே அனுப்பி ஏமாந்திருந்தா வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காம உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

நேர்வழிகள் என்னென்ன?

முதல் வழி, மெம்பர்ஷிப். பெரிய கிளப்கள்ல சீசனுக்கு சுமார் 35–50 பவுண்டு. வெளிநாட்டுல இருக்கிறவங்களும் வாங்கலாம். ஆளுக்கு ஒண்ணு வேணும், ஃபிரெண்டோட மெம்பர்ஷிப்ல நீங்க போக முடியாது. ரெண்டு பேர் சேர்ந்து உட்காரணும்னா ரெண்டு அக்கவுன்ட்டையும் முன்கூட்டியே இணைச்சு, ஒரே குழுவா விண்ணப்பிக்கணும். பேலட் கடைசித் தேதி மேட்சுக்கு ரொம்ப நாள் முன்னாடியே முடிஞ்சுடும். லிவர்பூல்ல பல மாத ஆட்டங்களுக்கு மொத்தமா ஒரே தடவையில பதிவு நடக்கும். அதனால சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே மெம்பர் ஆகிடுறது நல்லது.

இரண்டாவது, டிக்கெட் எக்ஸ்சேஞ்ச். சீசன் டிக்கெட் வெச்சிருக்கிறவர் ஒரு மேட்சுக்கு வர முடியலைன்னா, தன் சீட்டை கிளப் மூலமாவே இன்னொரு மெம்பருக்கு விடலாம். பேலட்ல தோத்தவங்களுக்கு இதுதான் நிஜமான நம்பிக்கை. மேட்ச் நெருங்க நெருங்க சீட் வந்துகிட்டே இருக்கும். ரயில்ல தட்கலுக்கு உட்கார்ற மாதிரி பொறுமையா ரெஃப்ரெஷ் பண்ணணும். ஒத்தை ஆளா போனா கிடைக்கிற வாய்ப்பு அதிகம்.

மூணாவது, ஹாஸ்பிடாலிட்டி. நல்ல சீட்டு, சாப்பாடு, ஓய்வறையோட கிளப்பே விற்கிற பேக்கேஜ். டிக்கெட் உறுதி, ஆனா பெரிய மேட்சுக்குப் பல நூறு பவுண்டு ஆகும். 'டெர்பிதான் வேணும், வேற எதுவும் வேண்டாம்'னு பிடிவாதமா இருக்கிறவங்களுக்கு நேர்மையான வழி இது ஒண்ணுதான். டெலிகிராம்ல 480 பவுண்டு குடுக்கத் தயாரா இருக்கிற ஆள், அந்தக் காசுக்கு கிளப்போட ஹாஸ்பிடாலிட்டி பக்கத்தை முதல்ல பார்த்திருக்கலாம்.

எதிரணி ரசிகர் பகுதி டிக்கெட்டுக்கு 30 பவுண்டுதான் உச்சவரம்பு, 2016–17 சீசன்லேர்ந்து. விலையைப் பார்த்து அதுக்கு ஆசைப்படாதீங்க. வருஷக்கணக்கா அணியோட ஊர் ஊரா போற ரசிகர்களுக்கே அது பத்தாது. வேற அணி ஜெர்சியைப் போட்டுக்கிட்டு ஹோம் பகுதியில உட்காரவும் கூடாது. வெளிய அனுப்பிடுவாங்க.

ஒரு மேட்சை நம்பிப் போகாதீங்க, ஒரு வாரத்தை நம்பிப் போங்க

இந்தக் கட்டுரையில ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்குங்க.

ஜூன்ல அட்டவணை வந்ததும் மேட்ச் தேதி முடிவாயிடுச்சுன்னு நினைக்கிறோம். அது இறுதி இல்லை. டிவி ஒளிபரப்புக்காகத் தேர்ந்தெடுக்கிற ஆட்டங்கள் வெள்ளி, ஞாயிறு, திங்கள்னு நகரும். கோப்பைப் போட்டி குறுக்க வந்தா வேற வாரத்துக்கே போயிடும். சனிக்கிழமை மேட்சுக்கு வெள்ளிக்கிழமை இறங்கி ஞாயித்துக்கிழமை திரும்புற மாதிரி ஃபிளைட் போட்டவர், திங்கக்கிழமை ராத்திரி அந்த மேட்சை வீட்ல டிவியில பார்க்க வேண்டியதுதான்.

லண்டன்ல இதுக்கு ஒரு வசதி இருக்கு. 2025–26 சீசன்ல பிரீமியர் லீக்ல மட்டும் 7 லண்டன் அணிகள்: ஆர்சனல், செல்சி, டாட்டன்ஹாம், வெஸ்ட் ஹாம், கிரிஸ்டல் பேலஸ், ஃபுல்ஹாம், பிரென்ட்ஃபோர்டு. அதுக்குக் கீழ மூணு டிவிஷன்லயும் சேர்த்து இன்னும் 7: மில்வால், கியூபிஆர், சார்ல்டன், லேட்டன் ஓரியன்ட், ஏஎஃப்சி விம்பிள்டன், பார்னெட், புரோம்லி. சீசன் நடுவுல ஏதோ ஒரு வியாழக்கிழமை இறங்கி அடுத்த செவ்வாய்க்கிழமை கிளம்பினா, ஒரு மேட்சாவது கிடைக்காம போறது அபூர்வம். கீழ் டிவிஷன் ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் மெம்பர்ஷிப்பே வேண்டாம், நேரா கிளப் வெப்சைட்ல வாங்கலாம். பெரிய அணிகள் எதிரா வராத நாள்ல ஃபுல்ஹாம் மாதிரி கிளப்லயும் வாய்ப்பு நல்லாவே இருக்கும். தேம்ஸ் ஆத்தங்கரையில இருக்கிற அவங்க கிரேவன் காட்டேஜ் மைதானத்துக்காகவே போகலாம்.

எமிரேட்ஸ் மைதானத்தைப் பார்த்தே ஆகணும்கிறவங்களுக்கு இன்னொரு நல்ல சேதி. 2025–26 முதல் ஆர்சனல் பெண்கள் அணி தன் சொந்த லீக் ஆட்டங்கள் எல்லாத்தையும் அங்கதான் ஆடுது. 2025-ல ஐரோப்பிய சாம்பியன் ஆன அணி அது. டிக்கெட் விலையும் ஆண்கள் ஆட்டத்தைவிட ரொம்பக் குறைவு.

லீவு போடுறதுக்கு முன்னாடி காலண்டரையும் பாருங்க. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மார்ச் மாசங்கள்ல சர்வதேச ஆட்டங்களுக்காக லீக்கை நிறுத்துவாங்க. தீபாவளி லீவு அந்த வாரத்துல விழுந்துடலாம். பொங்கலை ஒட்டி ஜனவரியில போனா எஃப்ஏ கோப்பை மூணாவது சுற்று நடக்கும். கோப்பை ஆட்டங்கள்ல சீசன் டிக்கெட்காரங்க சீட்டு எல்லாம் தானா நிரம்பாது, அதனால வெளியாளுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும். குளிருக்கு மட்டும் நல்ல ஜாக்கெட் வேணும்.

எது முதல்ல, எது அப்புறம்?

1. சீசனுக்கு முன்னாடி மெம்பர்ஷிப். இது போனாலும் சில ஆயிரம் ரூபாய்தான்.

2. பயண நாளுக்கு 3 மாசத்துக்குள்ள விசா விண்ணப்பம். நமக்கு வேண்டியது ஸ்டாண்டர்டு விசிட்டர் விசா. 2025 ஏப்ரல்ல அதுக்குக் கட்டணம் 127 பவுண்டு. மறுத்துட்டா திரும்ப வராது. விண்ணப்பிக்கும்போது அன்னைக்கு இருக்கிற கட்டணத்தைப் பார்த்துக்குங்க. கைரேகையை சென்னையிலேயே குடுக்கலாம்.

3. விசா கையில வந்த பிறகு ஃபிளைட். சென்னையிலேர்ந்து லண்டனுக்கு நேரடி விமானமே இருக்கு.

4. அதுக்கப்புறம் எக்ஸ்சேஞ்ச், பொது விற்பனைனு டிக்கெட் வேட்டை. பேலட் தேதி இதுக்கு முன்னாடியே வந்தா தயங்காம போடுங்க. விசா வரலைன்னா அந்த சீட்டையும் கிளப் மூலமாவே விட முடியுமான்னு விதியைப் பார்த்துக்குங்க.

விசா அதிகாரி பார்க்கிறது மேட்ச் டிக்கெட்டை இல்லை, உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்டை. சம்பளத்துக்கும் செலவுக்கும் பொருத்தம் இருக்கா, திரும்பி வர வேலை இருக்கா, இதுதான் கேள்வி. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மாமா அக்கவுன்ட்லேர்ந்து 3 லட்சம் திடீர்னு வந்து விழுந்தா சந்தேகம்தான் வரும். மாசா மாசம் சேர்த்த பணம் உங்களுக்காகத் தானே பேசும்.

மொத்தக் கணக்கு

தம்பிக்குப் போட்டுக் குடுத்த கணக்கு இதுதான். 1 பவுண்டு 120 ரூபாய்னு வெச்சுக்கிட்டேன். உங்க தேதிக்கு நீங்க மாத்திக்குங்க.

- ஃபிளைட் போக, வர: 65,000
- விசா: 16,000
- 6 ராத்திரி தங்க, நாளுக்கு 70 பவுண்டு: 50,400
- 7 நாள் சாப்பாடு, ரயில், பஸ், நாளுக்கு 50 பவுண்டு: 42,000
- மெம்பர்ஷிப் 40 பவுண்டு, மேட்ச் டிக்கெட் 70 பவுண்டு: 13,200
- மைதானச் சுற்றுலா 30 பவுண்டு: 3,600
- பயணக் காப்பீடு: 2,000
- கைச்செலவு, அவசரத்துக்கு: 20,000

மொத்தம் 2,12,200 ரூபாய். இதுல மெம்பர்ஷிப்பும் டிக்கெட்டும் சேர்ந்தே 6 சதவீதம்தான். அந்த 6 சதவீதத்துல அவசரப்பட்டா மிச்ச 94 சதவீதமும் வீணாப் போகும்.

இதுக்கு பர்சனல் லோன் போடலாமா? 2 லட்சத்தை 14 சதவீத வட்டியில 2 வருஷத்துக்கு எடுத்தா இஎம்ஐ சுமார் 9,600. வட்டி மட்டும் சுமார் 30,000. மேட்ச் 90 நிமிஷத்துல முடிஞ்சுடும், இஎம்ஐ 24 மாசம் ஓடும். அதுக்குப் பதிலா மாசம் 12,000 ஆர்டி போட்டா 18 மாசத்துல அசலே 2,16,000. அவசரகால நிதியையும் இன்ஷூரன்ஸையும் முடிச்ச பிறகுதான் இந்த ஆர்டி, அதையும் சொல்லிடுறேன்.

சரி, டிசிஎஸ் பிடிப்பாங்களா?

இது நம்ம ஐடி கம்பெனி டிசிஎஸ் இல்லை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது பேங்க் முன்கூட்டியே வசூலிச்சு உங்க பான் எண்ல கட்டுற வரி. எல்ஆர்எஸ் திட்டத்துல 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரைக்கும் பயணச் செலவுக்கு டிசிஎஸ் இல்லை. அதனால நீங்களே டிக்கெட், ஹோட்டல் போட்டு, ஃபாரெக்ஸ் கார்டுல பணம் ஏத்திக்கிட்டுப் போனா இந்த 2 லட்சத்துக்குக் கவலை இல்லை.

ஆனா ஒரு டூர் ஆபரேட்டர்கிட்ட ஃபிளைட், ஹோட்டல், மேட்ச் எல்லாம் சேர்ந்த வெளிநாட்டுப் பேக்கேஜா வாங்கினா முதல் ரூபாயிலேர்ந்தே டிசிஎஸ் உண்டு. விகிதம் பட்ஜெட்டுல மாறும், பில்லுல பாருங்க. அந்தப் பணம் எங்கயும் போயிடாது. உங்க 26ஏஎஸ்-ல தெரியும், ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், இல்லைன்னா ரீஃபண்ட் வரும். ரிட்டர்னே போடாம விட்டாத்தான் நஷ்டம்.

கார்டு விஷயத்துல மூணு சின்னக் குறிப்பு. ஒண்ணு, பேங்க் ஆப்ல இன்டர்நேஷனல் ஆன்லைன் பேமென்ட்டை முந்தின நாளே ஆன் பண்ணி வைங்க. லண்டன் காலை 10 மணி விற்பனைன்னா நமக்கு கோடைக்காலத்துல மதியம் 2:30, குளிர்காலத்துல 3:30. அந்த நேரத்துல கார்டு ஃபெயில் ஆனா சீட்டு போயிடும். ரெண்டு, சாதாரண கிரெடிட் கார்டுல 3.5 சதவீதம் வரை ஃபாரெக்ஸ் மார்க்கப், அது மேல 18 சதவீத ஜிஎஸ்டி. லட்ச ரூபாய் தேய்ச்சா 4,130 ரூபாய் இதுக்கே போகும். மூணு, அங்க கடையில 'ரூபாய்லயே கட்டுறீங்களா'ன்னு மெஷின் கேட்டா வேண்டாம்னு சொல்லிட்டு பவுண்டையே தேர்ந்தெடுங்க. ரூபாய்னு அமுக்கினா கூடுதல் ரேட்டுலதான் மாத்துவாங்க.

தம்பி அன்னைக்கு அந்த 28,800-ஐ அனுப்பலை. ஆபீஸ்லேர்ந்து இறங்குறதுக்குள்ள போன்லயே ஆர்டி ஓப்பன் பண்ணிட்டான். "டெர்பி கிடைக்கலைன்னா என்னடா பண்ணுவே?"ன்னு கேட்டேன். "பரவால்லண்ணா, ஃபுல்ஹாம் பார்ப்பேன். எமிரேட்ஸ்ல பொண்ணுங்க மேட்ச் பார்ப்பேன். போறது போறதுதான்"னான்.

18 மாசம் இருக்கு. கிளம்புற அன்னைக்கு மீனம்பாக்கத்துலேர்ந்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கேன்.